புயல் ஊருக்குள் நுழைந்த பிறகு

2024 செப்டம்பர் 26, இரவு 11.10 மணி. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், பெர்ரி என்ற சிற்றூரை ஒட்டிய கடற்கரையில் ஹெலீன் ஹரிக்கேன் கரையேறியது. மணிக்கு 225 கி.மீ. காற்று. ஐந்து படிகள் கொண்ட சஃபிர்-சிம்ப்சன் அளவுகோலில் அது நான்காம் படி. கடலோர ஊர்களில் மழைக்கோட்டு அணிந்த தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் காற்றோடு மல்லுக்கட்டியபடி பேசிக்கொண்டிருந்தார்கள். நாட்டின் கவனமெல்லாம் கரையில் இருந்தது. புயல்களை விடாமல் பின்தொடரும் வானிலை ஆர்வலர்களுக்கோ வேலை பாதிதான் முடிந்திருந்தது. வரைபடத்தில் அவர்கள் அடுத்துப் பார்க்க வேண்டிய ஊர்கள் ஜார்ஜியாவின் வால்டோஸ்டாவும் ஆகஸ்டாவும். அதற்கும் வடக்கே, கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கி.மீ. தள்ளி, அப்பலாச்சியன் மலைத்தொடர் இருந்தது.

அமெரிக்காவில் ஹரிக்கேன் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அந்த ஆறு மாதமும் இவர்களுடைய அன்றாடம் மயாமியிலுள்ள தேசிய ஹரிக்கேன் மையத்தின் கடிகாரத்தோடு ஓடும். கிழக்கு நேரப்படி அதிகாலை 5, முற்பகல் 11, மாலை 5, இரவு 11 என ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மையத்தின் அறிக்கை வரும். இடைப்பட்ட நேரத்துக்கு ரேடார் இருக்கிறது. நாடெங்கும் உள்ள சுமார் 160 டாப்ளர் ரேடார்களின் தரவு எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. செயற்கைக்கோள் படம் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வரும். புயல் கடலில் இருக்கும்வரை விமானங்களும் உண்டு. ‘ஹரிக்கேன் வேட்டையாளர்கள்’ எனப்படும் அந்த விமானங்கள் புயலின் கண்ணுக்குள்ளேயே புகுந்து அழுத்தத்தையும் காற்றையும் அளந்து அனுப்பும்.

புயல் கரையேறியதும் அந்த வரத்து பெரும்பாலும் நின்றுபோகிறது. கொந்தளிக்கும் காற்றில், தரைக்கு மேல் தாழப் பறப்பது விமானத்துக்கு ஆபத்து. விமான நிலையங்களின் தானியங்கி வானிலைக் கருவிகளோ மின்சாரம் போனால் பல இடங்களில் ஊமையாகிவிடும். ஆக, புயல் நிலத்தின் மேல் செல்லும் நேரத்தில்தான் அதைப் பற்றிய நேரடி அளவீடுகள் அரிதாகத் தொடங்குகின்றன. வீட்டுக் கூரையில் பேட்டரியில் ஓடும் காற்றுமானியும், தோட்டத்தில் நட்ட மழைமானியும், வானொலிப் பெட்டியும் அப்போதுதான் பெருமதிப்புப் பெறுகின்றன.

கரையேறியதும் புயல் ஏன் தளர்கிறது? ஹரிக்கேன் என்பது வெப்பத்தில் ஓடும் இயந்திரம். அதன் அடுப்பு கடல். மேற்பரப்பு வெப்பம் 26.5 டிகிரி செல்சியஸைத் தாண்டிய கடலிலிருந்து நீர் ஆவியாகி மேலே போகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 25 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். மேலே சென்ற ஆவி குளிர்ந்து மேகமாகும்போது அந்த வெப்பம் அப்படியே வெளிப்பட்டு, காற்றைச் சூடாக்கி இன்னும் மேலே தூக்குகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. சுற்றியுள்ள காற்று உள்ளே பாய்கிறது. நிலத்தின் மேல் வந்ததும் அடுப்பு அணைகிறது. தரையில் ஈரம் இருந்தாலும் கடலைப் போல் விடாமல் ஆவி தர அதனால் முடியாது.

இன்னொரு காரணம் உராய்வு. அதை விளங்கிக்கொள்ள ஒரு கண்ணாடி டம்ளர் போதும். தண்ணீரில் கொஞ்சம் தேயிலைத்தூளைப் போட்டு, கரண்டியால் வட்டமாகக் கலக்கிவிட்டு, கரண்டியை எடுத்துவிட்டுப் பாருங்கள். சுழற்சி மெல்ல அடங்கும். அடியில் கிடக்கும் தூள் ஓரத்துக்கு ஒதுங்காமல் நடுவில் வந்து குவியும். டம்ளரின் அடிப்பகுதி உரசுவதால் அங்குள்ள நீர் மட்டும் வேகம் குறைகிறது. வேகம் குறைந்த நீரில் வெளிநோக்கிய இழுப்பும் குறைந்துவிடுவதால், அழுத்தம் அதை மையத்துக்குத் தள்ளுகிறது. நிலத்தின் மேல் வந்த புயலுக்கும் இதுவே நேர்கிறது. காடும் வீடும் குன்றும் உரச, தரையை ஒட்டிய காற்று மையத்தை நோக்கி அதிகமாக வளைந்து பாய்கிறது. அடுப்பு எரியும்போது உள்ளே வந்த காற்று மேலே உறிஞ்சப்பட்டுவிடும். அணைந்த பிறகு அந்த வேகத்தில் உறிஞ்ச ஆளில்லை. வந்த காற்று மையத்தின் பள்ளத்தை நிரப்பிவிடுகிறது. ரேடார் திரையில் கண் மேகத்தால் மூடிக்கொள்வதும், சுற்றியிருந்த கண்சுவர் ஒரு பக்கம் பிய்ந்து திறப்பதும் இதன் அடையாளங்கள்.

உராய்வு வேறொரு காரியமும் செய்கிறது. அறிக்கையில் சொல்லப்படும் வேகம் ஒரு நிமிடச் சராசரி. நிலத்தில் அந்தச் சராசரி சட்டென்று இறங்கும். ஆனால் காற்று கரடுமுரடாகி, மேலேயுள்ள வேகத்தைத் துண்டு துண்டாகத் தரைக்கு இறக்கும். சராசரிக்கும் திடீர் வீச்சுக்கும் இடையிலான தூரம் கடலில் இருந்ததைவிடக் கூடிவிடுகிறது. ஊறிய மண்ணில் நிற்கும் பெரிய மரத்தைச் சாய்க்க ஒரே ஒரு வீச்சு போதும்.

அப்படிச் சாய்ந்த மரங்களிலிருந்துதான் புயல் பற்றிய அறிவே பிறந்தது எனலாம். 1821 செப்டம்பர் 3 அன்று ஒரு ஹரிக்கேன் நியூயார்க் பகுதியில் கரையேறி கனெக்டிகட் மாநிலத்தைக் கடந்து போனது. அங்கே வில்லியம் ரெட்ஃபீல்ட் என்றொருவர் இருந்தார். தொழில், குதிரைச் சேணம் செய்வது. கல்லூரிப் பக்கம் போனவரில்லை. சில வாரம் கழித்து, மகனை அழைத்துக்கொண்டு மாசசூசெட்ஸ் மலைப்பகுதியை நோக்கிக் கால்நடையாகப் போனார். சொந்த ஊரான மிடில்டவுன் பகுதியில் மரங்கள் எல்லாம் வடமேற்கே தலைவைத்துக் கிடந்தன. மலைப்பகுதியை நெருங்க நெருங்க, மரங்கள் தென்கிழக்கே தலைவைத்துக் கிடந்தன. போகிற வழியில் விசாரித்தார். மிடில்டவுனில் தென்கிழக்குக் காற்று வீசிய அதே இரவு வேளையில், நூறு கி.மீ. தொலைவுக்குள்ளேயே வேறிடத்தில் நேர் எதிராக வடமேற்குக் காற்று வீசியிருந்தது. இந்தப் புயல் பெரியதொரு சுழல் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

பத்து ஆண்டு அதை மனத்திலேயே வைத்திருந்தார். பிறகு ஒரு நீராவிப் படகுப் பயணத்தில் யேல் கல்லூரிப் பேராசிரியர் டெனிசன் ஓம்ஸ்டெட்டைத் தற்செயலாகச் சந்திக்க, அவருடைய தூண்டுதலால் 1831-இல் கட்டுரை வெளிவந்தது. ஜேம்ஸ் எஸ்பி என்ற மற்றொரு ஆராய்ச்சியாளர் அதை ஏற்கவில்லை. காற்று சுழல்வதில்லை, எல்லாத் திசையிலிருந்தும் மையத்தை நோக்கி நேரே பாய்கிறது என்றார். இருவரும் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது என்பதை டம்ளரின் தேயிலைத்தூளே சொல்லும். காற்று சுழலவும் செய்கிறது, உள்ளே பாயவும் செய்கிறது. நிலத்தின் மேல் உள்ளே பாய்வது கூடுதல். இந்த ஆராய்ச்சிகளின் தொடர்ச்சியாகக் கல்கத்தாவில் வங்கக்கடல் புயல்களை ஆராய்ந்த ஹென்றி பிடிங்டன்தான் 1848-இல் ‘சைக்ளோன்’ என்ற சொல்லைத் தந்தார். அதே 1848-இல் உருவான அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் முதல் தலைவராகச் சேணத் தொழிலாளி ரெட்ஃபீல்ட் அமர்ந்தார். இன்றைய ஆர்வலர்கள் தங்கள் குலமுதல்வராகக் கொண்டாடத் தகுந்தவர் அவர் என்பதே இக்கட்டுரையாளரின் எண்ணம்.

ரெட்ஃபீல்டிடம் இல்லாத ஒன்று இன்றைய ஆர்வலரிடம் இருக்கிறது: தளர்ச்சிக்கு ஒரு கணக்கு. 1995-இல் ஜான் கப்லான், மார்க் டிமரியா என்ற இரு ஆய்வாளர்கள் கரையேறிய புயல்களின் பதிவுகளிலிருந்து ஓர் எளிய சூத்திரத்தை எடுத்தார்கள். கரையேறியதுமே உராய்வால் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். மிச்சத்தில், மணிக்குச் சுமார் 50 கி.மீ. என்ற அடித்தள வேகத்துக்கு மேலே உள்ள பகுதி ஏறத்தாழ ஏழு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வரும். காகிதத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. 225 கி.மீ. வேகத்தில் கரையேறிய புயல் உடனே 200 ஆகும்; அடித்தளத்துக்கு மேலுள்ள 150, ஏழு மணி நேரத்தில் 75 ஆகும்; அப்போது காற்று 125 கி.மீ. இருக்கும். அடுத்த ஏழு மணி நேரத்தில் 90-க்குக் கிட்டே வந்துவிடும்.

கணக்குக்கு அடங்காத புயல்களும் உண்டு. ஆர்வலர்கள் திரும்பத் திரும்பப் பேசுவது 2007-இன் எரின் புயலைப் பற்றித்தான். டெக்சாஸ் கடலில் இருந்தபோது அதன் காற்று மணிக்கு 65 கி.மீ.தான், ஹரிக்கேன் என்ற பெயரை அது ஒருநாளும் எட்டவில்லை. ஆகஸ்ட் 16 அன்று கரையேறித் தேய்ந்துபோனது. மூன்று நாள் கழித்து, கடலிலிருந்து 800 கி.மீ.க்கு அப்பால், ஒக்லஹோமா சமவெளியின் மேல் ரேடார் திரையில் அதற்குத் தெளிவான ஒரு கண் திறந்தது. கடலில் இருந்ததைவிட வலுவான புயல்! வாட்டோங்கா என்ற ஊரில் காற்று வீச்சு மணிக்கு 130 கி.மீ.யைத் தொட்டது. அந்தப் பருவத்தில் ஒக்லஹோமா மண் மழையில் நன்றாக ஊறிக் கிடந்தது. வெயிலில் சூடேறிய ஈரமண் கடலைப் போலவே ஆவியைக் கொடுத்திருக்கிறது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தெரேசா ஆண்டர்சன், மார்ஷல் ஷெப்பர்ட் ஆகியோர் உலகெங்கும் உள்நாட்டுக்குள் புகுந்த புயல்களை ஆராய்ந்து 2013-இல் இதை விரிவாக எழுதினார்கள். ‘பழுப்புக் கடல் விளைவு’ என்று அதற்குப் பெயர். சேற்று நிறக் கடல் என்று கொள்ளலாம்.

2020-இல் ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த லின் லி, பினாகி சக்ரவர்த்தி இருவரும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவலைக்குரியது. வட அட்லாண்டிக்கில் கரையேறிய ஹரிக்கேன்களை அரை நூற்றாண்டுக்கு எடுத்துப் பார்த்தார்கள். 1960-களின் இறுதியில் ஒரு ஹரிக்கேன் கரையேறிய முதல் நாளில் தன் வலுவில் முக்கால் பங்கை இழந்தது. இப்போது அதே ஒரு நாளில் இழப்பது பாதிதான். கடல் வெதுவெதுப்பாக ஆக, புயல் கூடுதல் ஈரத்தைச் சுமந்துகொண்டு ஊருக்குள் வருகிறது. வழிப்பயணத்துக்குக் கட்டுச்சோறு எடுத்துப்போவது போலத்தான்: அடுப்பு அணைந்தாலும் மூட்டையில் சோறு இருக்கும்வரை நடக்கலாம். கடற்கரையிலிருந்து தள்ளி இருக்கிறோம் என்ற தைரியத்தில் வீடு கட்டியவர்களுக்கு இது புதிய செய்தி.

ஹெலீனுக்குத் திரும்புவோம். கரையேறியபோது அதன் நகர்வு மணிக்கு 40 கி.மீ.யை ஒட்டியிருந்தது; புயலுக்கு அது ஓட்டம். மெதுவாக நகரும் புயல் கரையோரத்திலேயே தளர்ந்துவிடும். ஓடும் புயல், தளர்வதற்குள் வெகுதூரம் உள்ளே வந்துவிடும். நள்ளிரவில் அது ஜார்ஜியா எல்லையைக் கடந்து வால்டோஸ்டாவைத் தாக்கியது. 2023 ஆகஸ்டில் இடாலியா, 2024 ஆகஸ்டில் டெபி, அடுத்து இது என்று பதின்மூன்று மாதத்துக்குள் அந்த ஊருக்கு மூன்றாவது அடி. அதிகாலை 5 மணி அறிக்கையில் ஹெலீன் ஹரிக்கேன் பட்டத்தை இழந்து வெப்பமண்டலப் புயலாகியிருந்தது. மாலைக்குள் அந்தப் பட்டமும் போய்விட்டது.

அனுபவமுள்ள ஆர்வலர்கள் கண்ணயராமல் இருக்க வேண்டிய நேரம் அதுதான். சஃபிர்-சிம்ப்சன் அளவுகோல் காற்றை மட்டுமே அளக்கிறது. ‘வலுவிழந்தது’ என்று அறிக்கை சொன்னால், காற்று குறைந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. புயல் சுமந்துவந்த நீரைப் பற்றி அந்தச் சொல்லில் ஒரு துளியும் இல்லை.

அமெரிக்க வானிலையாளர்களிடம் பழைய மனக்கணக்கு ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. கிராஃப்ட் விதி என்பார்கள். நூறைப் புயலின் நகர்வு வேகத்தால் வகுத்தால் அதிகபட்ச மழை கிடைக்கும்; வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில், மழை அங்குலக் கணக்கில். பத்து நாட் வேகத்தில் நகர்ந்தால் பத்து அங்குலம், அதாவது 25 செ.மீ. இந்தக் கணக்கில் காற்றின் வேகம் எங்கேயும் வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். 2017 ஆகஸ்ட் 25 அன்று நான்காம் படியில் டெக்சாஸில் கரையேறிய ஹார்வி, மறுநாளே ஹரிக்கேன் தகுதியை இழந்து, ஓரிடத்திலேயே முடங்கிக்கொண்டது. முடங்கிய நாட்களில் நெடர்லாண்ட் என்ற டெக்சாஸ் ஊரில் பெய்த மழை 154 செ.மீ.

ஹெலீனுக்குக் கிராஃப்ட் விதியைப் போட்டால் சுமார் பன்னிரண்டு செ.மீ. மழைதான் வரும், அது ஓடிக்கொண்டிருந்ததால். அங்கேதான் மலை குறுக்கிட்டது. ஈரக்காற்று சரிவில் மோதினால் மேலே ஏறித்தான் ஆக வேண்டும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் அதே முறை. போதாததற்கு, புயல் மெக்சிகோ வளைகுடாவில் இருந்தபோதே, அது முன்னால் அனுப்பிய ஈரம் அங்கே நிலைகொண்டிருந்த குளிர்முகத்தோடு மோதி, 25, 26 தேதிகளிலேயே மலையை நனைத்துவிட்டது. புயல் வந்து சேர்ந்தபோது மண் ஏற்கெனவே குடித்து நிறைந்திருந்தது.

அந்த மலைக்கு இது புதிதும் இல்லை. 1916 ஜூலையில் வளைகுடாப் பக்கமிருந்து வந்த ஒரு புயலின் எச்சம் மண்ணை ஊறவைக்க, சில நாளில் சார்லஸ்டன் பக்கம் கரையேறிய இன்னொரு புயல் தளர்ந்தபடி வட கரோலினா மலைகளில் ஏறியது. ஆல்டாபாஸ் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 56 செ.மீ. மழை, அன்றைக்கு அது அமெரிக்காவின் சாதனை அளவு. ஆஷ்வில் நகரத்தில் ஃபிரெஞ்ச் பிராட் ஆறு 23.1 அடிக்கு ஏறியது.

இதைவிடக் கொடியது 1969-இன் கமீல். ஆகஸ்ட் 17 இரவு மிசிசிப்பி கரையை ஐந்தாம் படியில் தாக்கியதால்தான் அது பேர்போனது. இரண்டு நாள் கழித்து, வெறும் தாழ்வாகச் சுருங்கி, கென்டக்கி வழியாகக் கிழக்கே திரும்பி, வர்ஜீனியாவின் புளூ ரிட்ஜ் மலைகளை அடைந்தது. முன்னறிவிப்பில் பெரிய எச்சரிக்கை எதுவும் இல்லை. 19-ஆம் தேதி இரவு, மக்கள் தூங்கிக்கொண்டிருக்கையில், நெல்சன் கவுண்டியில் எட்டு மணி நேரத்தில் 68 செ.மீ. மழை கொட்டியது. மலைச்சரிவுகள் பெயர்ந்து வந்தன. 124 பேர் போனார்கள். அந்தக் கவுண்டியின் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர். அதிகாரபூர்வமாக அந்தப் புயல் அப்போது முடிந்துபோன கதை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் நினைவிருக்கும். காற்றைப் பொறுத்தவரை அது சாதாரணப் புயல். வலுவிழந்து மேற்கே நகர்ந்த பிறகு, டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், கடலையே பார்க்காத ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. திருவண்ணாமலையில் மலை சரிந்து ஏழு பேர் மடிந்தார்கள்.

மழை இப்படி ஊருக்கு ஊர் தாறுமாறாக மாறும் என்பதால் அதை அளக்க நெருக்கமான கண்கள் வேண்டும். இதை ஒரு நகரம் பட்டறிந்தது. 1997 ஜூலை 28 அன்று கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் பெருமழை. நகரின் மேற்கு ஓரத்தில் 35 செ.மீ.க்கு மேல் கொட்ட, சில கி.மீ. கிழக்கே அதில் சிறு பங்குகூட இல்லை. ஐந்து பேர் இறந்தார்கள். எங்கே எவ்வளவு பெய்கிறது என்று யாருக்கும் நேரத்தில் தெரியவில்லை. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த நோலன் டோஸ்கென் மறு ஆண்டே பொதுமக்களைக் கொண்டு ஒரு மழை அளவீட்டு வலையமைப்பைத் தொடங்கினார். கோகோராஸ் என்று அழைக்கப்படும் அதில் இன்று அமெரிக்கா, கனடா, பகாமாஸ் நாடுகளைச் சேர்ந்த 20,000-க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள்.

கருவி மிக எளியது. நான்கு அங்குல வாயுள்ள ஒரு பிளாஸ்டிக் உருளை, உள்ளே ஒரு மெல்லிய குழாய், மேலே ஒரு புனல். குழாயின் வாய்ப்பரப்பு உருளையினுடையதில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே ஒரு மில்லிமீட்டர் மழை குழாயில் ஒரு சென்டிமீட்டராக நிற்கும், வெறும் கண்ணால் துல்லியமாகப் படிக்கலாம். குழாய் ஓர் அங்குலத்தோடு நிறைந்து வழிந்தால் வெளி உருளை மேலும் பத்து அங்குலத்தைப் பிடித்துக்கொள்ளும். தினமும் காலை 7 மணி வாக்கில் படித்து அனுப்ப வேண்டும். மழையே இல்லாத நாளில் சுழியத்தையும் அனுப்ப வேண்டும். வறட்சியைக் கணிக்க அந்தச் சுழியம் தேவை. இருபது ஆண்டுகளாகச் சுழியங்களை அனுப்பிக்கொண்டிருக்கும் ஒருவர்தான், பெருமழை இரவில் உருளை நிறைவதற்குள் கையில் டார்ச்சோடு வெளியே போய், படித்து, கொட்டிவிட்டு மறுபடி வைக்க வேண்டும். 11 அங்குலத்தோடு நிறைந்துவிடும் கருவி அது. பேரிடர் இரவில் அது இரண்டு மூன்று முறை நிறையும்.

அழுத்தத்தை அளப்பவர்கள் வேறு ரகம். ஜோஷ் மோர்கர்மன் என்ற அமெரிக்கர் கைக்கடக்கமான கருவியோடு புயல்களின் கண் கடந்து செல்லும் இடமாகப் பார்த்துப் போய் உட்காருகிறவர். 2015-இல் மெக்சிகோவை பாட்ரீஷியா தாக்கியபோது அவர் எடுத்த 937.8 மில்லிபார் அளவை வைத்தே தேசிய ஹரிக்கேன் மையம் அந்தப் புயல் கரையேறிய வலுவைக் கணித்தது. அத்தகைய துணிச்சலை எல்லோருக்கும் பரிந்துரைக்க முடியாது. தோட்டத்து மழைமானியை யாருக்கும் பரிந்துரைக்கலாம்.

செப்டம்பர் 27-ஆம் தேதி ஹெலீன் மலைக்கு வந்து சேர்ந்தது. மூன்று நாளில் புசிக் என்ற மலை ஊரில் பதிவான மழை 78 செ.மீ. ஒரு சதுர மீட்டருக்கு 780 லிட்டர் என்று நினைத்துப் பார்த்தால் அதன் கனம் புரியும். ஆஷ்வில்லில் ஃபிரெஞ்ச் பிராட் ஆறு 24.67 அடியைத் தொட்டு, 108 ஆண்டு நின்ற 1916-இன் கோட்டைத் தாண்டியது. பெர்ரியிலிருந்து சுமார் 600 கி.மீ. தொலைவில், கடல் மட்டத்திலிருந்து 650 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரம் அது. சிம்னி ராக், ஸ்வானனோவா போன்ற சிற்றூர்களில் வீடுகள் ஆற்றோடு போயின. ஹெலீன் மொத்தமாகக் குறைந்தது 250 உயிர்களைக் கொண்டுபோனது. 2005-இன் கத்ரீனாவுக்குப் பிறகு அமெரிக்கப் பெருநிலத்தில் இவ்வளவு பேரைக் கொன்ற ஹரிக்கேன் வேறில்லை. கரையில் கடல் பெருகி இறந்தவர்களைவிட, உள்நாட்டில் ஆற்று வெள்ளத்திலும் மரம் விழுந்தும் இறந்தவர்கள் பல மடங்கு.

ஆஷ்வில்லில் இன்னொன்றும் இருக்கிறது. உலகின் மிகப் பெரிய வானிலை, தட்பவெப்பத் தரவுக் காப்பகமான தேசிய சுற்றுச்சூழல் தகவல் மையங்களின் தலைமையிடம் அந்த நகரத்தில்தான். ஆல்டாபாஸின் மழையும் கமீலின் பாதையும் எந்த ஆய்வாளரும் தேடிப்போகும் அந்தக் களஞ்சியத்தில் சேர்ந்தவை. வெள்ளத்தில் மின்சாரமும் இணையமும் குடிநீரும் அறுந்து, அதன் சேவைகள் நின்றுபோயின. சேமித்த தரவுக்குச் சேதமில்லை. எடுத்துப் பார்க்கத்தான் வழியில்லை.

மலைகளில் செல்பேசிக் கோபுரங்கள் மடிந்தன. டென்னசிக்குப் போகும் நெடுஞ்சாலை 40-இன் ஒரு பகுதியை பிஜன் ஆறு அரித்துக்கொண்டு போனது. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கக்கூட வழியற்ற அந்த நாட்களில் பேசிக்கொண்டிருந்தவர்கள் ‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள். 1965-இல் பெட்ஸி ஹரிக்கேன் வந்தபோது 14.325 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தொடங்கிய ‘ஹரிக்கேன் வாட்ச் நெட்’ முதல், புயலோடு நீண்ட உறவு கொண்டவர்கள் அவர்கள். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அமெரிக்காவின் உயரமான சிகரம் மவுண்ட் மிட்செல், 2,037 மீட்டர். புயலில் அங்கே காற்று வீச்சு மணிக்கு 170 கி.மீ. இருந்தது. அந்த உச்சியில் அமைந்த ஹாம் மறு ஒலிபரப்பி பிழைத்துக்கொண்டது. எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்த வீட்டுக்கு இன்சுலின் வேண்டும், எந்தத் தெருவில் யார் பத்திரம் என்று நாள் முழுக்க அதன் வழியே குரல்கள் போய்வந்தன. வானிலையைக் கேட்கவே கருவி வாங்கிய பலர் அந்த வாரம் பக்கத்து வீட்டார் பேச்சைச் சுமந்தார்கள்.

ஒவ்வொரு புயலுக்கும் தேசிய ஹரிக்கேன் மையம் இறுதி அறிக்கை ஒன்றை எழுதுகிறது. மாதக்கணக்கில் சரிபார்த்த பிறகே வரும். அதன் பின்பகுதியில் நெடிய அட்டவணைகள். விமான நிலையம், ஆற்று அளவி, பல்கலைக்கழக நிலையம் என்று வரிசையாக வரும். அவற்றுக்கிடையே ஊர்ப்பெயரோடு, எத்தனை மைல் எந்தத் திசை என்ற குறிப்போடு, கோகோராஸ் மழைமானிகளின் அளவுகளும் அச்சாகின்றன. அளந்தவர் பெயர் அதில் இருக்காது. ஊர், தேதி, அங்குலத்தின் நூறில் ஒரு பங்குவரை மழை.